தப்பாக ஜெயித்த தம்பதி

கிசுமுவில் எங்கள் நியான்சா ஏரிக்கரை பிரிட்ஜ் சங்கத்தில் சீட்டாட்டம் என்பது ஒரு சடங்குக்கு முன்னால் நடக்கும் சிறு ஏற்பாடு. சடங்கின் பெயர் பிரேதப் பரிசோதனை. பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் எல்லா ஊரிலும், ஆட்டம் முடிந்ததும் யார் எங்கே தவறினார்கள் என்று அலசுவதை அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் விளையாட்டாகச் சொல்கிறார்கள். எங்கள் தலைவர் டாக்டர் எலிஷா ஒபுரா அரசாங்கப் பிணவறையில் தலைமை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அந்தச் சொல்லில் விளையாட்டு எதுவும் தட்டுப்படவில்லை.

ஒரு கை ஆடி முடிந்ததும் டாக்டர் எழுந்து வருவார். ரப்பர் கையுறை மாட்டிக்கொள்வார். ஐம்பத்திரண்டு சீட்டையும் மேசைமேல் மல்லாத்திப் பரப்பிவிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்.

"மரணம் நேர்ந்தது அஞ்சாவது பிடியில. காரணம், ராணியை முன்னாடியே எறிஞ்சது. இறந்தவருக்குச் சொந்தக்காரங்க யாரு?"

தோற்றவர் எழுந்து நின்று, "நான் கற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் தலையைக் குனிந்து, "நாங்களும்" என்போம். பிறகுதான் தேநீர்.

முன்பெல்லாம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் இருபது கை ஆடுவோம். டாக்டர் தலைவரான பிறகு அது பத்தாகி, ஐந்தாகி, போன வருஷம் ஒரு சனிக்கிழமை ஒரே கையில் வந்து நின்றது. அதையும் ஆடி முடிக்கவில்லை. எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் கேட்கிற ஏலத்திலேயே அவ்வளவு பாடம் இருந்தது. அந்த வருஷ அறிக்கையில், "உறுப்பினர்களின் தவறுகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் குறைந்துள்ளன" என்று டாக்டர் எழுதினார். எழுந்து நின்று கைதட்டினோம்.

இந்தச் சங்கத்துக்குத்தான் டோபியாஸ் ஒன்டிட்டி வந்து சேர்ந்தார். ஓகிங்கா சாலையில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். மெத்தை வியாபாரிக்கு உரிய சாந்தமான முகம். யார் வந்து அழுத்தினாலும் கொஞ்சம் அமுங்கிவிட்டுத் திரும்ப எழும்பும். அவர் மனைவி ரோசலின் வேறு ரகம். உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கொலைகாரன் லுவோ மொழியில், "ஆமா, வெட்டினேன், இன்னொரு தடவையும் வெட்டுவேன்" என்று சொன்னதை, பஸ் நேரம் படிப்பதுபோல நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொன்னவர். முகத்தில் ஒன்றும் தெரியாது. பிரிட்ஜுக்கு அதைவிட நல்ல முகம் கிடையாது.

கணவனும் மனைவியும் ஒரே ஜோடியாக எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவார்கள். ஒருநாள் வராந்தாவில் ஒன்டிட்டி என்னிடம் சொன்னார்:

"ஒமேரா, நான் சீட்டுக்காக வர்றதில்ல. வருஷம் பூரா அவ கோர்ட்டைப் பாத்தா, நான் கடையைப் பாத்தேன். இந்த மேசையிலதான் அவ என் மூஞ்சிய நேராப் பாக்குறா. இது போச்சுன்னா எனக்கு வேற இடமில்ல."

இனி நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பூச்சி.

வருஷத்துக்கு ஒருமுறை, முவான்சா நகரத்தில் நடக்கும் ஏரிக் கோப்பைக்கு ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுக்க, சங்கத்தில் ஒரு போட்டி வைப்போம். அன்று மட்டும் விதிவிலக்காகச் சீட்டு ஆடலாம். பிரேதங்களை எல்லாம் சேர்த்துவைத்து வரும் வாரங்களில் அறுப்பதாக ஏற்பாடு. அந்தச் சனிக்கிழமை ஏரிப்பூச்சி கரையேறியிருந்தது. கிசுமுக்காரர்களுக்குத் தெரியும்: புகை மாதிரி தண்ணீர்மேல் எழும்பும், காற்று திரும்பினால் ஊருக்குள் வந்து தேநீர், காது, பிரார்த்தனை எல்லாவற்றிலும் விழும்.

கடைசிக் கை. எனக்கும் என் கூட்டாளி செயலாளர் ஹீரஜிக்கும் எதிராளிகள் ஒன்டிட்டி தம்பதி. நாங்கள் ஏலத்தை வாயால் கேட்பதில்லை. குரலில் சாடை வந்துவிடும் என்று, ஆளுக்கொரு சிறு பெட்டியில் ஏல அட்டைகள் வைத்திருப்போம். கேட்க ஒன்றுமில்லை என்றால் பச்சை அட்டை. மேசையைத் தொட்ட அட்டையைத் திரும்ப எடுக்க முடியாது.

ரோசலின் 'நாலு, துருப்பில்லை' என்ற அட்டையை வைத்தார். அதற்கு நேர் அர்த்தம், துருப்பே இல்லாமல், ஆறோடு நாலு சேர்த்து, பதின்மூன்றில் பத்துப் பிடி எடுக்கிறேன் என்பது. ஆனால் நேர் அர்த்தத்தில் அதை யாரும் வைப்பதில்லை. "கூட்டாளி, உன் கையில் எத்தனை ஏஸ்?" என்ற கேள்வி அது. ஒன்று இருந்தால் 'அஞ்சு டைமன்' அட்டையை எடுத்து வைக்க வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த பாடம். ஒன்டிட்டிக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒரு பூச்சி அவர் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் உட்கார்ந்தது. ஒன்டிட்டி கைக்கு வந்த ஓர் அட்டையை உருவி அதை விரட்டினார். ஹீரஜி தன் சீட்டை எண்ணிக்கொண்டிருந்தார். பூச்சி மேசையில் விழுந்தது. அட்டையால் ஒரு போடு போட்டார். அட்டை பச்சை.

நாங்களும் பச்சை வைக்க, ஏலம் அங்கேயே முடிந்துபோயிற்று; இனி ரோசலின் அந்தப் பத்துப் பிடியை எடுத்தே ஆக வேண்டும். ஒன்டிட்டி தன் கையைத் தானே பார்த்து விழித்தார். ரோசலின் முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. நிதானமாக ஆடினார், சரியாகப் பத்துப் பிடி எடுத்தார்.

மற்ற எல்லா மேசைகளிலும் முறைப்படி கேட்டார்கள், முறைப்படி பதில் சொன்னார்கள், ஒரு ஏஸ்தான் குறைகிறது என்று கண்டுபிடித்து, இஸ்பேட் துருப்பில் ஆறு வரைக்கும், அதாவது பன்னிரண்டு பிடிக்கு, ஏறினார்கள். வெளியே இருந்த துருப்பு நாலும் ஒரே எதிராளி கையில் குந்தியிருந்தது. அத்தனை பேரும் கவிழ்ந்தார்கள். டாக்டர் ஒபுராவும் அவர் மனைவி மிரியமும் அதில் அடக்கம். அந்த ஒரு கையால் ஒன்டிட்டி தம்பதி முதலிடம். டாக்டர் தம்பதி இரண்டாமிடம்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். சீட்டைப் பரப்பினார். நெடுநேரம் பார்த்தார்.

"பிரேதத்தைக் காணோம்," என்றார்.

சபை அசந்துபோயிற்று.

"நாங்க ஆறு கேட்டோம். தோத்தோம். ஆனா எப்படித் தோத்தோம்? முறையாத் தோத்தோம்! என் முப்பது வருஷ அனுபவத்துல இவ்வளவு ஆரோக்கியமான தோல்வியைப் பாத்ததில்ல. நீங்க ஜெயிச்சீங்க, ஒன்டிட்டி. தப்பா ஜெயிச்சீங்க. தப்பாத் தோத்தவனைத் திருத்தலாம். சரியாத் தோத்தவனைப் பாராட்டலாம். தப்பா ஜெயிச்சவனை இந்தச் சங்கம் எங்க வைக்கிறது? உங்ககிட்டேருந்து நாங்க என்னத்தைக் கத்துக்கிறது?"

ஒன்டிட்டி எழுந்து நின்றார். "நான் கற்றுக்கொண்டேன், டாக்டர்."

"என்ன கத்துக்கிட்டீங்க?"

"ஜெயிக்கக் கூடாதுன்னு."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மிரியம் என்று நினைக்கிறேன். டாக்டர் தன் வாயைத் திறப்பதற்குள் ரோசலின் எழுந்துவிட்டார்.

"ஐயா, நான் கேள்வியே கேக்கலையே. நாலுன்னா நாலு. பத்துப் பிடி வரும்னு பட்டுச்சு, வச்சேன். என் வீட்டுக்காரருக்கு அது புரிஞ்சுது, பேசாம இருந்துட்டாரு. இதுல தப்பு எங்கேருந்து வந்துச்சு?"

நீதிமன்றக் குரல். ஒன்டிட்டி மனைவியைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். கடையில் விற்காத மெத்தை திடீரென்று எழுந்து நின்று பேசியதுபோலப் பார்த்தார்.

அத்தோடு விட்டிருப்பார்கள். ஆனால் ஹீரஜி இரும்புக் கடைக்காரர். எடை குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். சட்டப் புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்தார்.

"ஜோடிகளுக்கு நடுவுல எந்த ஏற்பாடு இருந்தாலும் எதிராளிக்கு முன்கூட்டியே சொல்லணும். அம்மா வைக்கிற அட்டைக்குப் புஸ்தகத்துல ஒரு அர்த்தம். ஐயா புரிஞ்சுக்கிட்டது வேற. அப்ப இவங்களுக்குள்ள எழுதாத ஏற்பாடு ஒண்ணு இருக்கு. இது தப்பு இல்ல, தலைவரே. குற்றம்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிணவறையிலிருந்து விவகாரம் போலீசுக்குப் போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் விசாரணைக் குழுவுக்குத் தானே தலைவராக இருக்க ஒப்புக்கொண்டார். குழு கூடி முதல் உத்தரவு போட்டது: கல்யாணம் ஆன நாளிலிருந்து தங்களுக்குள் இருக்கும் எல்லாப் புரிதல்களையும் ஒன்டிட்டி தம்பதி சபையில் வெளியிட வேண்டும்.

இரண்டு சனிக்கிழமை அதற்கே போயிற்று. ஒன்டிட்டி உண்மையான மனிதர், எதையும் மறைக்கத் தெரியாது.

"அவ 'தேத்தண்ணி இருக்கு'ன்னா பால் இல்லைன்னு அர்த்தம்."

"குறிச்சுக்கோங்க," என்றார் டாக்டர்.

"'உங்க அக்கா வந்திருந்தாங்க'ன்னா, நான் அன்னைக்கு வீட்டுக்குள்ள சத்தமில்லாமப் போகணும்."

"எந்த அக்கா? எல்லா அக்காவுக்கும் ஒரே அர்த்தமா?"

"பெரியக்கான்னா வீட்டுக்கே போகக் கூடாது."

இது போதாது என்று, நேரில் கவனிக்க மூன்று பேர் கொண்ட உபகுழு அவர்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிற்று. வயதில் மூத்தவன் என்று என்னையும் சேர்த்தார்கள். உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் பொரித்த திலாப்பியா மீனும் கீரையும். கை கழுவிவிட்டு, ஆளுக்கொரு பென்சிலோடு உட்கார்ந்தோம். சாப்பாட்டின் நடுவில் ரோசலின் தலையை லேசாக நிமிர்த்தினார். ஒன்டிட்டி உப்பை நகர்த்தினார். ஹீரஜி பென்சிலை உயர்த்தினார்.

"அம்மா உப்புக் கேக்கலை. ஐயா குடுத்தாரு. எப்படித் தெரியும்?"

"மீனுல உப்புக் கம்மி," என்றார் ஒன்டிட்டி.

"உங்க மீனுல கம்மின்னா அவங்க மீனுலயும் கம்மின்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"ரெண்டும் ஒரே சட்டில பொரிச்சது, ஐயா."

'உடந்தை' என்று ஹீரஜி எழுதினார். ஹீரஜி சைவம், கீரையில் உப்புச் சரியாக இருந்ததா என்று அவருக்குத் தனியாக ஓர் ஆய்வு தேவைப்பட்டது. மற்ற மீன்கள் எல்லாம் சாட்சியம் என்ற முறையில் எங்களால் தின்று தீர்க்கப்பட்டன.

பயம் சங்கம் முழுக்கப் பரவியது. தம்பதிகள் ஒரே வண்டியில் வந்து இறங்குவதை நிறுத்தினார்கள். கணவன் தும்மினால் மனைவி கைக்குட்டை நீட்டத் தயங்கினாள். டாக்டர் இந்த நேரத்தில் ஆற்றிய உரையைச் சங்கச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், இன்றும் படிக்கலாம். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"என்னையே எடுத்துக்குங்க. எனக்கும் மிரியத்துக்கும் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள்ள ஒரு புரிதல்கூடக் கிடையாது! அவ என்ன நினைக்கிறான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க நான் முயற்சி பண்ணதும் இல்ல. நான் சொல்றது எதுவும் அவளுக்குப் புரிஞ்சதா எந்தத் தடயமும் இல்ல. இந்தச் சங்கத்துல இதைவிடச் சுத்தமான ஜோடியைக் காட்டுங்க பார்க்கலாம்!"

பலத்த கைதட்டல். மிரியம் மட்டும் ஜன்னல் வழியாகப் புல்வெளியில் நின்ற மாராபு நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுதி விசாரணைக்கு முன் ஒன்டிட்டி என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஒமேரா, நான் ஒண்ணும் புரிஞ்சுக்கலை. பூச்சி விரட்டினேன்."

"பாத்தேனே."

"பாத்தீங்களா? அப்ப ஏன் சொல்லலை?"

"என்னை யாரும் கேக்கலையே. குழுவுல என் வேலை மீன் தின்கிறது."

"நான் பூச்சின்னு சொல்லிட்டா இது வெறும் தப்பு. தப்புன்னா டாக்டருக்கு உசிரு. மன்னிச்சு விட்டுருவாரு, நாங்க ஜோடியா ஆடலாம், கப்பல்ல முவான்சா போகலாம். ஆனா அவ அத்தனை பேரு முன்னாடி, 'என் வீட்டுக்காரருக்குப் புரிஞ்சுது'ன்னு எழுந்து நின்னு சொல்லிட்டா. அன்னையிலேருந்து வீட்டுல பாட்டுப் பாடிக்கிட்டு நடக்குறா. பெரிய மீனா எடுத்து எனக்கு வைக்கிறா. இப்ப போயி, 'இல்லடி, நீ என்ன நினைச்சேன்னே எனக்குத் தெரியாது, ஒரு பூச்சி வந்துச்சு'ன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி அவளோட உக்காந்து ஆட முடியாது." மெத்தைக்காரரின் முகம் அமுங்கியது. இந்தத் தடவை திரும்ப எழும்பவில்லை.

உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் நடுவில், ஹீரஜி வலப்பக்கம். ஒன்டிட்டி எழுந்து நின்றார். ரோசலின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

"ஒரே கேள்வி," என்றார் டாக்டர். "அவங்க அந்த அட்டையை வச்சப்ப, அவங்க மனசுல இருந்தது உங்களுக்குப் புரிஞ்சுதா, புரியலையா? அவசரப்பட வேண்டாம். புரியலைன்னு சொன்னா அது தவறு. தவறு இந்தச் சங்கத்தோட சொத்து. உங்களைக் கட்டிப்பிடிச்சு வரவேற்போம். கொஞ்ச நாள் பயிற்சி, அப்புறம் ஜோடியா முவான்சாவுக்குப் போயிட்டு வாங்க. புரிஞ்சுதுன்னா, மன்னிக்கணும், இனிமே நீங்க ரெண்டு பேரும் இங்க ஒரே மேசையில எதிரெதிரே உக்கார முடியாது. புரிஞ்சவங்களை வச்சுக்கிட்டு இந்தச் சங்கத்தை நடத்த முடியாது."

'புரியலை' என்று சொல்லும்படி டாக்டர் கண்ணால் கெஞ்சினார். அவருக்கு ஒரு நல்ல பிரேதம் கிடைத்து வாரக்கணக்கில் ஆகிறது.

ஒன்டிட்டி மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து எந்த நீதிபதியும் எதையும் படித்ததில்லை.

"புரிஞ்சுது," என்றார் ஒன்டிட்டி.

"யோசிச்சுச் சொல்லுங்க!"

"நல்லாப் புரிஞ்சுது. அவ அட்டையைத் தொடுறதுக்கு முன்னாடியே புரிஞ்சுது." துணிந்து இறங்கிவிட்ட மனிதர், நிறுத்த முடியவில்லை. "கார்லேருந்து இறங்கறப்பவே புரிஞ்சுது!"

ஹீரஜி பென்சில் முனையை ஒடித்துவிட்டார். டாக்டர் நெடுமூச்சு விட்டுத் தீர்ப்பைப் படித்தார்: ஒன்டிட்டி யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம், ரோசலினோடு தவிர. ரோசலின் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம், ஒன்டிட்டியோடு தவிர. இருவருக்கும் புரிதலை மறக்க இலவச வகுப்பு உண்டு.

ரோசலின் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வகுப்பை நீங்களே வச்சுக்குங்க, டாக்டர். அவினோ அப்பா, வாங்க போகலாம்."

நானும் கிளம்பினேன். என் வீடும் அதே வழிதான். எங்கள் ஊர் ஆட்டோவான டுக்டுக்கில் மூன்று பேர் உட்காரலாம்.

சந்தை தாண்டியதும் ரோசலின் கேட்டார்:

"நிஜமாவே புரிஞ்சுதா?"

"பின்னே? நீ ஏஸ் கேக்கலை. பத்துப் பிடிதான் வேணும்னு வச்சே."

"நான் ஏஸ்தான் கேட்டேன்."

டுக்டுக் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அப்புறம் எதுக்கு எழுந்து நின்னு அப்படிச் சொன்னே?"

"அந்த ஆளு கையுறை மாட்டிக்கிட்டு உங்களை மல்லாத்திப் போட்டு அறுக்கப் பாக்குறான். நான் உக்காந்து வேடிக்கை பாக்கவா? முப்பது வருஷமா அடுத்தவன் பொய்யை ஆங்கிலத்துல சொன்னேன். எனக்குன்னு ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

ஒன்டிட்டி தொண்டையைச் செருமினார். "அவினோ அம்மா, நான் பூச்சி விரட்டினேன்."

"தெரியும். அட்டைக்கடியில செத்து ஒட்டிக்கிட்டிருந்துச்சே. யாரும் பாக்குறதுக்குள்ள நான்தான் ஊதித் தள்ளினேன்."

"அப்ப நான் 'புரிஞ்சுது'ன்னு சொன்னது பொய்யின்னு உனக்கு..."

"கார்லேருந்து இறங்கறப்பவே புரிஞ்சுதாம்! அன்னைக்கும் நாம வந்தது டுக்டுக்லதான்."

முதலில் யார் சிரித்தது என்று சொல்ல முடியாது. ஓட்டுகிற பையன் திரும்பிப் பார்த்ததில் வண்டி ஓர் ஆட்டை இடிக்கப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோசலின் சொன்னார்:

"இங்க பாருங்க. நான் கேட்டா பதில் சொல்லணும். எத்தனை ஏஸோ அத்தனை. வேற எதுவும் செய்யக் கூடாது."

"சரி."

அவ்வளவுதான். டாக்டர் ஒபுரா ஒரு சபையைக் கூட்டி, குழுவைப் போட்டு, ஒரு சட்டி மீனைத் தின்ன வைத்து, கடைசிவரை கற்றுக்கொடுக்க முடியாத பாடம், சந்தைக்கும் சர்ச்சுக்கும் நடுவில் முடிந்துவிட்டது.

முவான்சாவுக்கு டாக்டரும் ஹீரஜியும் போனார்கள். மிரியம் வர மறுத்துவிட்டாராம். கோப்பையில் கடைசி இடம். திரும்பி வந்த டாக்டர், இவ்வளவு பாடத்தை ஒரே கப்பலில் ஏற்றி வந்த சங்கம் ஆப்பிரிக்காவிலேயே கிடையாது என்று அறிவித்தார். அவற்றை இன்னும் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் இப்போது சனிக்கிழமைகளில் மெத்தைக் கடையில் ஆடுகிறோம். நாலாவது ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, முதல் வாரமே மிரியம் ஒபுரா கதவைத் தட்டினார்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அவருக்குப் புரியலை," என்று சொல்லிவிட்டு, இரண்டு மெத்தைகளை அடுக்கி என் எதிரே உட்கார்ந்தார்.

மூன்றாவது கையிலேயே ரோசலின் 'நாலு, துருப்பில்லை' வைத்தார். ஒன்டிட்டி தன் சீட்டை ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். 'அஞ்சு டைமன்' அட்டையை எடுத்து, மனைவியின் முன் நேராக வைத்தார். ரோசலின் ஆறுக்கு ஏறினார். மிரியம் கையில் ஓர் ஏஸ், என் கையில் ஒரு துருப்பு ராணி. ஒரு பிடியில் கவிழ்ந்தார்கள்.

ஒன்டிட்டி பழக்கதோஷத்தில் எழுந்து நிற்கப் போனார்.

"உக்காருங்க," என்றார் ரோசலின். "பதில் சரியாச் சொன்னீங்க."

"தோத்துட்டோமே?"

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? சீட்டைக் கலைங்க."